மூன்றாம் மாடி அடுப்பில் அன்று தீ இல்லை

தணிகா,

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் நீ என் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போன காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஊர் கூடும்படி கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் நிதானம் தவறினால் நீ பொறுத்துக்கொள்ள வேண்டாம், படித்தால் போதும். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமும் இல்லை. இதன் நகல் ஒன்று சித்தூரில் நீ கட்டி முடித்திருக்கிற கட்டிடத்துக்குப் போகிறது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

அந்தக் காகிதத்தைத் தெலுங்கில் யாரோ நன்றாகத்தான் டைப் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் முனிலட்சுமி காலையில் கேஸ் அடுப்பை அணைக்காமல் வேலைக்குப் போய்விட்டாளாம். சமையலறையில் பிடித்த தீ ஜன்னல் வழியாக வெளியே வந்து சுவரில் பரவியதாம். இரண்டாம் மாடியில் குடியிருந்த நான் இதையெல்லாம் கண்ணால் பார்த்தேனாம். கீழே என் பெயர், அதற்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னக் குறி. நகராட்சி அலுவலகத்தில் டவுன் பிளானிங் செக்ஷனில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் நான். பார்த்தவர்கள் சொல்லும் வாக்கியம் எப்படி இருக்கும், பார்க்காதவர்கள் எழுதிக்கொடுக்கும் வாக்கியம் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? பார்த்தவர்கள் தடுமாறுவார்கள். அந்தக் காகிதத்தில் ஓர் இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை.

தீப்பிடித்த அன்றைக்கு நீ சித்தூரில் இருந்தாய். அதனால் என்ன நடந்தது என்பதை நானே சொல்கிறேன். காலை பதினொன்றரை இருக்கும். கறிவேப்பிலையும் அரைக்கிலோ வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன். கீழே பார்க்கிங்கில், சுவரோரம் சார்ஜுக்குப் போட்டிருந்த ஒரு பேட்டரி ஸ்கூட்டரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. யாருடைய ஸ்கூட்டர் என்பது முக்கியமில்லை, யார் வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டாவது வாளி கொட்டும்போது ஸ்கூட்டரில் தீ ஏறக்குறைய அடங்கிவிட்டது. நான்கூட, அப்பாடா என்று பையைக் கீழே வைத்தேன். அப்போதுதான் தலைக்கு மேலே சடசடவென்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால், நீ கட்டின அந்தக் கட்டிடத்தின் வெளிச் சுவரில் அழகுக்காக ஒட்டவைத்திருந்த பளபளப்பான ஷீட்டின் அடி ஓரம் பிடித்துக்கொண்டிருந்தது. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தாய் அல்லவா, அந்தச் சந்துக்குள் தீ புகுந்ததும் புகைபோக்கிக்குள் போவதுபோல ஒரு உறுமல். அரிசி களைந்து உலையில் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. முதல் மாடியைத் தாண்டிற்று, என் ஜன்னலைத் தாண்டிற்று, முனிலட்சுமி வீட்டு ஜன்னல் கண்ணாடி வெடித்து உள்ளே விழுந்தது. வெளியிலிருந்து உள்ளே, தணிகா. உள்ளேயிருந்து வெளியே இல்லை. எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாக பிளாஸ்டிக் உருகிக் கீழே விழுந்தது. அது விழுந்த இடத்திலெல்லாம் இன்னொரு சின்னத் தீ.

முனிலட்சுமி அந்த நேரம்தான் தான் வேலை செய்யும் நர்சரி ஸ்கூலிலிருந்து வந்தாள். இடைவேளையில் ஓடிவந்து, பக்கவாதம் வந்து படுத்திருக்கிற மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுவாள். தினமும் அப்படித்தான். கணவன் ஸ்ரீசிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான், வாரத்துக்கு ஒரு நாள் வருவான். கேட்டருகே நின்று மேலே பார்த்தவள், "பெத்தம்மா, மா மாம பைன உன்னாடு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மாமா மேலே இருக்கிறாரே என்று அவள் கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. "போகாத, முனிலட்சுமி, வண்டிக்குப் போன் பண்ணியாச்சு, வந்துக்கினு கீது" என்று நான் அவள் முந்தானையைப் பிடித்தேன். உதறிவிட்டு மாடிப்படி ஏறினாள். வாட்ச்மேன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பின்னால் போனார். இரண்டு பேருமாகப் பெரியவரைப் போர்வையோடு இழுத்து, படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். பெரியவருக்கு மூச்சில் புகை, அவ்வளவுதான். ஆனால் அவரை எடுக்கப் போனபோது ஜன்னலோரம் இருந்த அவர் கட்டில்மேல் உருகி விழுந்ததை முனிலட்சுமி வெறும் கையால் தள்ளியிருக்கிறாள். இடது கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரிப்பதற்கு இன்னும் எத்தனை ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லவில்லை. அந்தக் கை வெந்தவள்மேல்தான் நீ பழியைப் போடச் சொல்கிறாய்.

நீ விழுந்தடித்துக்கொண்டு வந்தாய், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அந்த அழுகை பொய் என்று சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் காகிதத்தோடு வந்தாயே, அந்த இரண்டு நாளில் உன்னிடம் யார் பேசினார்கள் என்றுதான் யோசிக்கிறேன். உன் முதலாளிதானே? கட்டிடத்தின் முகப்பு எலிவேஷன் பளிச்சென்று இருந்தால்தான் வீடு விலைபோகும் என்று உன்னை நச்சரித்தவர் அவர்தான். அவர் தன் வீட்டை மட்டும் கல்லும் செங்கல்லுமாகக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடுவே இருக்கிறார். காகிதத்தைப் பார்த்ததும் உன்னிடம் நான் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? "டேய், அவ வீட்டு அடுப்புல அன்னிக்கி தீயே இல்லடா. ரெண்டு நாளா சிலிண்டர் தீந்து போயிக் கீது. கஞ்சிய என் அடுப்புல தான் வச்சிக் குடுத்தேன்." அதற்கு நீ சொன்னாய்: "அது யாருக்கும்மா தெரியும்?"

எனக்குத் தெரியும், தணிகா. உன் அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் யாருக்கும் தெரியாத மாதிரி என்று எப்போதிலிருந்து நினைக்க ஆரம்பித்தாய்?

எப்போதிலிருந்து என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். ஏனென்றால் பதில் எனக்கே தெரியும். நீ எட்டாவது படிக்கும்போது ஸ்கூலில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கல் எறிந்தது நீ. உன் சட்டைப் பையில் இன்னும் இரண்டு கல் இருந்ததை நானே துணி துவைக்கும்போது எடுத்துப் போட்டேன். ஆனாலும் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பியபோது, அந்த நேரம் என் பிள்ளை வீட்டில் இருந்தான் என்று சொன்னேன். உன் பக்கத்து பெஞ்சில் இருந்த ரமணாவை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள். நான் திரும்பி வரும்போது அந்த வராந்தாவில் அவனைக் கடந்துதான் வந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு இரவு நீ நிம்மதியாகத் தூங்கினாய். நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நீ என் எதிரில் நீட்டிய காகிதத்தை உனக்கு முதன்முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அது மட்டுமா? ஆபீசில் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பிளான் அப்ரூவலுக்கு வரும் ஃபைல்களில் ஒரு தாள் உண்டு. பக்கத்து வீட்டுக்கும் கட்டப்போகும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, அந்தச் சுவரில் ஜன்னல் வைக்கலாமா, தீ பிடித்தால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். பக்கத்துக் கட்டிடம் நெருங்க நெருங்க, சுவர் தாங்க வேண்டிய நேரமும் கூடும். நேரில் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எங்கள் ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். "இடம் பார்வையிடப்பட்டது, விதிப்படி உள்ளது என்று அடிம்மா" என்பார். அடித்தேன். ஒன்று இரண்டு இல்லை, எனக்கே கணக்குத் தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, நான் விதிப்படி உள்ளது என்று அடித்த ஒரு வீட்டைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கை நீட்டினால் இந்த வீட்டு ஜன்னல் திரையைத் தொடலாம். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்த வீடுகளில் தீப்பிடிக்கவில்லை என்பது என் நல்ல காலம். அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.

ஆனால் சுவர் என்றால் என்னவென்று எனக்கு ஆபீசுக்குப் போவதற்கு முன்பே தெரியும். உனக்கு நாலு வயது. சத்தியவேட்டில் வாடகை வீட்டில் இருந்தோம். உன் நைனா கண்டக்டர் வேலையாக சென்னைக்குப் போன பஸ்ஸில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரை ஒட்டிக் கொட்டகை போட்டு வேர்க்கடலைக் கொடியைக் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார். மத்தியானம் அது பிடித்துக்கொண்டது. நடுவில் இருந்தது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, ஒரு ஓட்டைகூடக் கிடையாது. காற்று வரட்டும் என்று அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துத்தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் நான் சண்டை போட்டிருந்தேன், அவர் மறுத்துவிட்டிருந்தார். அவர்மேல் எனக்கு அத்தனை கோபம். அன்றைக்கு அந்தப் பக்கம் கொட்டகை சாயும்வரை எரிந்தது. இந்தப் பக்கம் நீ சுவரில் கையை வைத்து, "அம்மா, செவுரு சுடுது" என்று சொன்னாய். பூச்சில் இரண்டு இடத்தில் வெடிப்பு விழுந்தது, அவ்வளவுதான். நான் உன்னை வெளியே கொண்டுபோய் எதிர்வீட்டில் விட்டேன். திரும்ப வந்து டிரங்குப் பெட்டியை எடுத்தேன். இன்னொரு தடவை வந்து அரிசிப் பானையைக்கூட எடுத்தேன். சுவர் எனக்கு அத்தனை நேரம் கொடுத்தது.

வெளிச் சுவர் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதன் அர்த்தம் அதுதான். அது இன்ஜினியர்களுக்காகப் போட்ட எண் இல்லை. எழுந்து நடக்க முடியாத பெரியவரை ஒருத்தி போர்வையில் கட்டி மூன்று மாடி இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? நம் கட்டிடத்தை ஒட்டியிருக்கும் லாட்ஜில், மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? தீயணைப்பு வண்டி இந்த டிராஃபிக்கில் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும்? அதையெல்லாம் கூட்டித்தான் அந்த எண். நீ அந்த நேரத்தை முனிலட்சுமியிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். அவளுக்குக் கிடைத்தது சில நிமிஷம். மிச்சத்துக்குத் தன் விரல்களைக் கொடுத்திருக்கிறாள்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளாதே. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் நீ என்னிடம் பிளானை விரித்துக் காட்டினாய். பழக்க தோஷம், நான் எல்லாக் குறிப்பையும் படித்தேன். லாட்ஜ் பக்கத்துச் சுவரில் இரண்டு மணி நேரம் என்று இருந்தது. வெளியே ஒட்டுவது எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அப்புறம் நீ மிச்சமான ஷீட் துண்டுகளைக் கொண்டுவந்து என் சமையல் மேடைக்குப் பின்னால் அடித்துக்கொடுத்தாய். எண்ணெய்க் கடாயை இறக்கி அதன்மேல் சாய்த்து வைத்தேன், ஓரம் குழைந்து வழிந்தது.

"டேய், இது இன்னாடா, மெழுகு மாதிரி உருகுது?"

"ரெண்டு பக்கமும் தான்மா அலுமினியம், நடுவுல பிளாஸ்டிக். இது வெளிச் சுவத்துக்கு. அங்க யாரு கடாய் வைக்கப் போறாங்க?"

"பிளான்ல எரியாதது போடணும்னு எழுதிக் கீதே?"

"அது அப்ரூவலுக்கும்மா. எல்லாரும் அப்பிடித்தான் எழுதிக்கினு கீறாங்க. நீ பாக்காத ஃபைலா?"

நான் சிரித்தேன். அதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. என் பிள்ளை என்னையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டு பேசினான், நான் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். பிளானுக்கு ஒரு சுவர், ஆட்களுக்கு ஒரு சுவர். அன்றைக்கே அந்த ஷீட்டைப் பிடுங்கி உன் முன்னால் போட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்குப் போனேன். தீக்குப் பிறகு நான் தங்கியிருக்கிற பாகாலா சித்தி வீட்டிலிருந்து பஸ் பிடித்து, யாரையும் கூட்டிக்கொள்ளாமல். தீயணைப்பு அதிகாரி என்னைக் கட்டிடத்துக்கே அழைத்துக்கொண்டு போனார். கரி படிந்த சுவரைத் தடியால் தட்டிக் காட்டினார். "கோட மண்டலேதம்மா" என்றார். சுவர் எரியவில்லை அம்மா, சுவரில் ஒட்டியதுதான் எரிந்தது என்று. நீ கட்டிய செங்கல் நின்றுகொண்டுதான் இருந்தது, தணிகா. அதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவன் நீ! நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஸ்கூட்டர், மணல் வாளி, ஷீட்டின் அடி ஓரம், வெளியிலிருந்து உள்ளே விழுந்த கண்ணாடி. முனிலட்சுமி வீட்டுச் சிலிண்டர் காலி என்றேன். எடுத்துவரச் சொன்னார். தூக்கிப் பார்த்துவிட்டு அவரே எழுதிக்கொண்டார். கடைசியில், இத்தனை விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். "இதைக் கட்டின இன்ஜினியருக்கு நான் அம்மா" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிளானில் என்ன எழுதியிருந்தது, நீ என்னிடம் என்ன சொன்னாய், நான் எப்படிச் சிரித்தேன் என்பதையும் சொன்னேன். என் கையெழுத்தை நான் போட்ட காகிதம் அதுதான்.

காகிதத்தை வைத்துவிட்டுப் போகும்போது, "பெத்த பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பப் போறியாம்மா?" என்று கேட்டாய். உன்னை எங்கே அனுப்புவது என்பது என் கையில் இல்லை. உன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்லமாட்டேன் என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் சோறு கொண்டுவருவேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து துன்னு, துன்னு என்று ஊட்டக்கூடச் செய்வேன். ஆனால் முனிலட்சுமியின் கையை மிதித்துக்கொண்டு உன்னிடம் வரமாட்டேன்.

இனி சித்தூர் விஷயம். அங்கேயும் அதே ஷீட்தானே ஒட்டியிருக்கிறாய்? நீ சொல்லவில்லை. புதன்கிழமை நானே போய்ப் பார்த்தேன். தீப்பிடித்த இடத்திலிருந்து ஒரு துண்டை அதிகாரியிடம் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஐந்து மாடி, பாதி வீடுகளில் குடிவந்துவிட்டார்கள். வாசலில் மாவிலை இன்னும் வாடவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முதல் வீட்டில் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது மாடியில் ஒரு பெண், நிறைமாதம் போலிருந்தது, முழுக்கக் கேட்டாள். துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க யாரும்மா? உங்களுக்கு இன்னா வந்தது, இவ்ளோ தூரம் அலஞ்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டாள். யார் என்று சொன்னேன். கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, புருஷனுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். சாயங்காலத்துக்குள் குடிவந்தவர்கள் எல்லோரும் கீழே கூடிவிட்டார்கள். ஒருவர் உன் முதலாளிக்குப் போன் போட்டார். அவர் இது போட்டி பில்டர்கள் கட்டிவிட்ட கதை என்று சொன்னாராம். பெற்ற அம்மாவே வந்து நிற்கிறாள் என்று இவர் சொன்னதும் லைனை வைத்துவிட்டாராம். மறுநாளே எல்லோரும் கையெழுத்துப் போட்டு தீயணைப்பு ஆபீசில் மனு கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரிகள் அங்கே வருகிறார்கள். ஒரு ஷீட்டைக் கழற்றி, நடுவில் என்ன இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் பார்க்கப்போகிறார்கள். அதே பிளாஸ்டிக்தான் என்று தெரிந்தால் முழுவதையும் இறக்க வேண்டும். உன் முதலாளி வரமாட்டார், வக்கீலை அனுப்புவார். நான் இருப்பேன். அந்த நிறைமாதப் பெண் இருப்பாள்.

நீயும் வா. வக்கீலோடு வராதே, ஒரிஜினல் பிளானையும் உன் டூல்ஸ் பையையும் எடுத்துக்கொண்டு வா. சாரம் கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பான், ஆனால் எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றினால் ஷீட் யார் தலையிலும் விழாமல் இறங்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

அம்மா